முப்பத்தொரு போன்

கூடையில் முப்பத்தொரு போன் கிடந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி. அதில் பேனாவால் நாலு எண் எழுதியிருந்தது.

"இது என்ன நம்பர்?" என்றான் ஜிஜோ. எஸ்டேட்டின் வெல்பேர் ஆபீசர்.

"ஏடிஎம் நம்பராம் சார். மறந்துபோவுதுன்னு எழுதி ஒட்டியிருக்காளுவ," என்றாள் ஆயா கத்தரீனாள்.

ஜிஜோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். சைபர் பாதுகாப்பு பற்றி இரண்டு நாள் பயிற்சி முடித்து, சான்றிதழோடு மூணாறிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாவம், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கிரஷ் அது. தேயிலைக் காட்டில் ரேஞ்ச் கிடையாது, கிரஷ் வாசலில் கிடைக்கும். அதனால் குழந்தையோடு போனையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ யாராவது கூப்பிட்டால் கிரஷ்ஷில் இருப்பவர் எடுத்துப் பேசி, மத்தியானம் பால் கொடுக்க வரும்போது தகவல் சொல்லிவிடுவார்.

"எந்த போன் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? பச்சை உறை சந்தனம். கண்ணாடி உடைஞ்சது நர்மதா. மாதா படம் ஒட்டுனது இன்னாசிராஜ் பொண்டாட்டி."

"சரி. போன மாசம் செல்வலட்சுமி பணம் போச்சே, தங்கச்சிக்கு நர்சிங் பீஸ் கட்ட வச்சிருந்தது? பேங்க்னு சொல்லி ஒருத்தன் கூப்பிட்டு, ஓடிபி கேட்டு, மொத்தமா வழிச்சிட்டுப் போனான். அன்னைக்கு அவங்க போன் எங்க இருந்துச்சு?"

"இங்கதான் சார். இந்தக் கூடையிலதான்."

"எடுத்துப் பேசினது யாரு?"

கத்தரீனாள் தொட்டிலை ஆட்டினாள். மூலையில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த டீச்சர் டின்சி, தலை நிமிராமல் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பேசாம இருந்தா நான் என்ன நினைக்கிறது?"

"நீங்க நெனைக்கிறத நெனைங்க சார். மெல்லப் பேசுங்க, பிள்ளை முழிச்சிரும்."

ஜிஜோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பச்சை உறை போன் அடித்தது. கத்தரீனாள் எடுத்தாள்.

"ஆமாய்யா, சந்தனந்தான் பேசுதேன்."

ஜிஜோ ஆடிப்போனான். கண்ணெதிரே ஆள்மாறாட்டம்!

"பேங்க்குலேருந்தா? நல்லாயிருக்கீகளா? ... ஐயையோ, அக்கவுண்ட பூட்டிராதீக. ... ஆமா, டிங்குன்னு இப்பத்தான் ஒண்ணு வந்துச்சு. ... சொல்லணுமா? இருங்க, போனை மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாக்கேன்."

ஜிஜோ பாய்ந்து போனைப் பிடுங்கி, அழைப்பைத் துண்டித்தான். திரையில் ஆறு எண்கள் பளிச்சென்று நின்றன.

"ஒரு நிமிஷம் விட்டிருந்தா சந்தனத்தோட காசும் போயிருக்கும்!"

"நேத்து ஒருத்தன் முக்கா மணி நேரம் பேசுனான் சார். கடைசில அவனே வச்சிட்டுப் போயிட்டான்."

"நேத்தும் பேசினீங்களா!"

இதற்குமேல் என்ன விசாரணை? ஜிஜோ அங்கேயே உட்கார்ந்து, நல்ல இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதினான். ஆயாவை உடனே நீக்க வேண்டும் என்று முடித்து, அடியில் கோடும் போட்டான். கத்தரீனாள் ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

மத்தியானம் பெண்கள் இறங்கி வந்தார்கள். ஜிஜோ எழுந்து நின்றான்.

"இனிமே போனெல்லாம் இந்தம்மாகிட்ட இருக்காது. படிச்ச ஆள்கிட்டதான் இருக்கணும். டின்சி டீச்சர் எம்.காம். நாளையிலேருந்து அவங்க பொறுப்பு. மனசிலாச்சா?"

யாரும் தலையாட்டவில்லை.

"வேண்டாம் சார்," என்றாள் செல்வலட்சுமி.

"பறிகொடுத்தது நீங்கதானே?"

"அதனாலதான் வேண்டாங்கேன்."

ஜிஜோவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் பெண்களைப் பார்க்க, பெண்கள் டின்சியைப் பார்த்தார்கள். டின்சி சிலேட்டைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"சார், போன மாசம் வரைக்கும் கூடை என்கிட்டதான் இருந்துச்சு. அந்த ஓடிபியை வாசிச்சுச் சொன்னது நான்தான். எனக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க, எம் பேரு வெளியே வரக் கூடாதுன்னு கத்தரீனாக்கா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க."

ஜிஜோ கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தான். அவமானமாக இருந்தது. இருந்தாலும் ஒரு சந்தேகம் அவனை விடவில்லை.

"சரி, எம்.காம் படிச்சவங்களே ஏமாந்தாங்க. அப்புறம் எந்த நம்பிக்கையில இவங்ககிட்ட குடுத்தீங்க?"

கத்தரீனாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருமையாக முன்னால் வந்தாள்.

"எனக்கு எழுத்தும் தெரியாது, நம்பரும் தெரியாது சார். அதுக்காகவே கூட்டம் போட்டு என்னையத் தேர்ந்தெடுத்திருக்காக."