பத்து அடுக்கு டயர்

“எங்க வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார். வரமாட்டார். நீங்க வேலையைப் பாருங்க,” என்றாள் அந்த அம்மாள்.

குளிர்காலம் கழிந்ததும், அதற்காக வந்து தங்கியவர்கள் எல்லோரும் அரிசோனாவின் குவார்ட்சைட்டை விட்டு வடக்கே கிளம்பிவிட்டார்கள். பாலைவனத்தில் அவர்களின் சக்கர வீடுகளான டிரெய்லர்கள் நின்ற இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெளுத்த மண். கண்ணுக்கு எட்டியவரை மிச்சம் இந்த ஒன்றுதான்.

சாலையோரம் நின்று எங்கள் டயர் வேனைக் கைகாட்டி நிறுத்தியவள் அவள். வெர்னா என்று பெயர் சொன்னாள். அந்த வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை.

என் கணவர் டெல்பர்ட் குனிந்து டயரின் விலாவைத் தடவினார். வெடிப்புக்குள் நகம் போயிற்று.

“இதை வச்சுக்கிட்டா இடாஹோ போகணும்கறீங்க? மலை ஏற்றத்துல வெடிச்சா அடித்தரையையும் பிச்சுக்கிட்டுப் போகும்.”

“அதைத்தான் அவர் சாக்கா வச்சிருக்கார். இடாஹோவுல இருக்கற மக போன் பண்ணிக் கூப்பிட்டா, ‘டயர் தாங்காதும்மா’ன்னு வச்சிடறார். ஜூன் வந்தா இந்தத் தகரம் அடுப்பாயிடும். போன கோடையிலயே மயங்கி விழுந்தார். இன்னொரு கோடையை இங்க கழிச்சார்னா பொணமாத்தான் எடுக்கணும்.”

“நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்றேன்.

“சொல்றதா! ஒரு வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன். காது மெஷினைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டார் மகராசன். திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல.”

டெல்பர்ட் சிரித்தார். “கழட்டி வைக்கறதுக்காகவாவது எனக்கும் ஒண்ணு வாங்கணும்.”

“உங்களுக்கு எதுக்கு? மெஷின் இல்லாமலே நான் சொல்றது எதுவும் கேக்காது,” என்றேன்.

வெர்னா சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்தாள். அவள் பார்வை டயரை விட்டு நகரவேயில்லை.

புது டயர் போடுமுன் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு சுமக்கிறது என்று பார்த்துவிடுவோம். டெல்பர்ட் ஜாக்கியால் ஒரு விரல் உயரம் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் எடைப் பலகையைச் சொருகி இறக்குவார். எண்ணைப் படிப்பது என் வேலை.

காற்று அடங்கியிருந்தது. நான்கு பலகையிலும் எண்கள் ஆடி ஆடி நின்றன. வலது பின்பக்கம் கனம் அதிகம்.

“கட்டில் அந்தப் பக்கம். அங்கதான் உட்கார்ந்திருப்பார்,” என்றாள்.

“கம்பெனி மாட்டிவிட்ட ஆறு அடுக்கு நூல் வச்ச டயர் இந்த வீட்டுக் கனத்துக்குப் பத்தாது,” என்றார் டெல்பர்ட். “பத்து அடுக்கு போட்டுடுவோம். ஆனா சக்கரத்தைக் கழட்டறப்ப உள்ள ஆள் இருக்கக் கூடாது. அவரைக் கொஞ்சம் எழுப்பிவிடுங்கம்மா.”

“கூப்பிட்டுப் பார்க்கறேன்.”

படியில் கால் வைத்தாள். உள்ளே போனாள்.

நான் பழக்கதோஷத்தில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் ஏறினால் படிப்பக்கத்து எண் துள்ளும். பூனை ஏறினால்கூடத் துள்ளும்.

எதுவும் அசையவில்லை.

பலகை கெட்டுவிட்டதோ என்று சக்கரத்தைக் கையால் அழுத்தினேன். எண் ஏறியது. கையை எடுத்தேன். இறங்கியது.

பிறகு தானாகவே அசைந்தது. வலது பின்பக்கம் குறைந்துகொண்டே வந்து படிப்பக்கம் கூடியது. உள்ளே ஓர் ஆள் நடந்து வருகிறார். ஒரே ஓர் ஆள்.

கதவு திறந்தது. ஒல்லிக் கிழவர், காது மெஷினைக் காதுக்குள் திருகியபடி இறங்கினார். நான்கு எண்களும் குறைந்து நின்றன.

காலி வீட்டின் எடை.

“யார் நீங்க? நான் யாரையும் கூப்பிடலையே.”

டெல்பர்ட் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

“டயர் இருக்கற லட்சணம் ரோட்டுலேருந்தே தெரிஞ்சுதுங்க,” என்றேன்.

கிழவர் குனிந்து வெடிப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“வெர்னா இருந்தப்போ வருஷா வருஷம் டயரை மாத்து, டயரை மாத்துன்னு உயிரை எடுப்பா. அவ போனப்புறம் தொணதொணக்க ஆளில்ல.”

டெல்பர்ட்டின் கையிலிருந்த ஸ்பேனர் சரளையில் விழுந்தது.

கிழவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் தூரத்துக் குன்றின் பக்கம் போயிருந்தது. “சாம்பலை அங்கதான் தூவினேன். அவளை இந்தப் பொட்டல் காட்டுல தனியா விட்டுட்டு எங்கே போறது, சொல்லுங்க. மக புரிஞ்சுக்க மாட்டேங்கறா.”

அவருக்குப் பின்னால் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. நான் எண்களைப் பார்த்தேன். அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

“புதுசு போட்டா இடாஹோ வரைக்கும் போய்ச் சேருமா?” என்றார்.

நான் பலகையிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

“பத்து அடுக்குங்க. ரெண்டு பேரையும் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்கும்.”

எந்த இரண்டு பேர் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, யாரோ இறங்குவதற்கு வழிவிடுவதுபோல ஓரமாக நின்றார்.