மூன்றாம் வரிசைப் பட்டதாரி

"யாருப்பா அது, தொப்பியைத் திருப்பிப் போட்டிருக்கிறது? நீ டிகிரி வாங்க வந்தியா, கிரிக்கெட் ஆட வந்தியா?"

உதவி இயக்குநர் தேஜஸ் மைக்கில் கத்தியதும் மேடையிலிருந்த அறுபது பேரும் சிரித்தார்கள். நாகேஷ் அவசரமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். கறுப்பு அங்கிக்குள் வேர்த்து ஊற்றியது.

கல்லூரி நாட்களை நினைத்து உருகும் நண்பர்களைப் பற்றிய படம். பெங்களூரில் ஒரு பழைய மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, பட்டமளிப்பு விழாவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் கதாநாயகன். நாற்பதை நெருங்கும் அந்த மாணவரின் காதோர நரைக்கு ஒருவர் மை தடவிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் நாகேஷ். வயது இருபத்துமூன்று. மாணவன் என்று சொன்னால் நம்பக்கூடிய முகம். படிப்புதான் பாதியில் நின்றிருந்தது.

பி.காம். இரண்டாம் வருடத்தில் அப்பா போய்விட்டார். பகுதிநேரம் என்று தொடங்கிய சாப்பாடு டெலிவரி வேலை ஆறே மாதத்தில் முழுநேரமாகிவிட்டது. அதை மட்டும் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் கல்லூரிப் பையோடு கிளம்பி, தங்கள் நீலசந்திரா ஏரியாவைத் தாண்டியதும் கம்பெனி டீ-ஷர்ட்டை மாட்டிக்கொள்வான். மூன்றாம் வருடத்தையும் அப்படியே 'படித்து' முடித்தான். அதன் பிறகு, பட்டமளிப்பு விழா தள்ளிப்போகிறது, தள்ளிப்போகிறது என்று ஒன்றரை வருடம் ஓட்டியாயிற்று.

போன வாரம், சமையல் வேலை முடிந்து வந்த அம்மா முத்தம்மா கேட்டே விட்டாள். "ஏன்டா, கறுப்பு கவுன் போட்டுகினு போட்டோ எடுப்பாங்களே, அது எப்பதான் வரும்? அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்டா."

மறுநாளே டெரிக் என்ற துணை நடிகர் ஏஜென்டிடமிருந்து போன். "காலேஜ் பசங்க வேணும்ப்பா. கான்வொகேஷன் சீன். ஞாயித்துக்கிழமை வர்றியா?"

தெய்வமே லைனில் வந்ததுபோல இருந்தது நாகேஷுக்கு.

இப்போது பக்கத்து நாற்காலி தர்ஷினியிடம் போனை நீட்டினான். அவளும் அவனைப் போல ஒருநாள் பட்டதாரிதான். "ஒரே ஒரு போட்டோங்க. லைட்டு, கேமரா எதுவும் தெரியக் கூடாது."

"கேர்ள்ஃப்ரெண்டுக்கா?"

"அம்மாவுக்கு."

"ஐயோ! நிஜம்னு நினைச்சுப்பாங்களே?"

"நினைக்கணும். நான் படிச்சு முடிக்கலைன்னு தெரிஞ்சா உயிரையே விட்டுடும் அது."

தர்ஷினி போனை வாங்கினாள். மூன்று படம் எடுத்துக் கொடுத்தாள். அச்சு அசல் பட்டதாரி! ஒரு கணம் அவனுக்கே பெருமையாக இருந்தது. மறுகணம் போன் திரையை அணைத்தான்.

"பேரன்ட்ஸ் எல்லாம் உள்ள வாங்க! பேகா, பேகா! சீக்கிரம்!" என்று விரட்டினான் தேஜஸ்.

பெற்றோர் வேடக்காரர்கள் வந்து மேடைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கோட்டுகள், பட்டுப் புடவைகள். முன்வரிசையில் ஒரு மாம்பழ நிறப் புடவை.

நாகேஷ் இன்னொரு முறை பார்த்தான். அம்மா! ஏதோ விசேஷம் என்று சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பிப்போன அம்மா!

தலையைக் குனிந்து, முன்னால் இருந்தவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"மூணாவது ரோ! மூஞ்சி தெரியல மச்சா, நிமிரு!" தேஜஸ் விடவில்லை. "அம்மாங்க எல்லாம் பசங்களைப் பார்த்து அழணும். பெருமையில வர்ற அழுகை. சாவு வீட்டு அழுகை வேணாம். ஆக்‌ஷன்!"

பட்டதாரிகள் எழுந்து நின்றார்கள். முத்தம்மா அவனைக் கண்டுவிட்டாள். மற்ற அம்மாக்கள் கிளிசரின் போட்ட கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி முயன்றுகொண்டிருக்க, அவளுக்கு மட்டும் கன்னம், கழுத்தெல்லாம் நனைந்தது. கேமரா அவளிடமே நின்றுவிட்டது.

"கட்! ஒரே டேக்ல ஓகே! மஞ்சப் புடவை அம்மா, பின்னிட்டீங்க!"

எல்லோரும் சாப்பிடக் கலைந்தார்கள். நாகேஷ் அங்கியோடு அப்படியே அவளிடம் போய் நின்றான்.

"அம்மா... இது சும்மா சினிமாவுக்கு. எங்க காலேஜ் விழா அடுத்த மாசம்..."

"உங்க காலேஜ் விழா முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுடா." அவள் குரலில் கோபமே இல்லை. "நான் போயிருந்தேன். கடைசி ஆளு வரைக்கும் உக்காந்து பார்த்தேன். உன் பேரைக் கூப்பிடல."

நாகேஷ் தொப்பியைக் கழற்றினான்.

முத்தம்மா முந்தானையால் அவன் முகத்து வேர்வையைத் துடைத்தாள்.

"ரிச்சர்ட்ஸ் டவுன்ல நான் சமைக்கிறது டெரிக் சார் வீட்லதான். இந்த சீனுக்கு ஆள் தேடிகினு இருந்தாரு. உன் நம்பரைக் குடுத்துட்டு, அம்மாங்க வரிசையில எனக்கும் ஒரு எடம் கேட்டேன்."