காலியாகச் சுற்றும் கேபின்

“அதோ பாரு, அந்தக் கேபின் மறுபடியும் காலியாவே போகுது!”

கொடிக்காரர் கையை நீட்டினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி அவர். வேலை செய்த நாளைவிட வேலைநிறுத்தம் செய்த நாள்தான் அதிகம் என்பார் மனைவி. கொடி பிடித்துப் பிடித்துத் தெருவில் அவருக்குக் கொடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“உங்களுக்கு எங்க போனாலும் ஏதாவது ஒண்ணு கண்ணுல பட்டுடும்” என்றார் மனைவி. “இன்னிக்கு ஒரு நாளாவது கோஷம் போடாம இருங்க.”

நகரத்திலேயே பெரிய ராட்டினம். நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். மேல்பாதி கண்ணாடியான கேபின் கீழே வரும்போது கதவு திறக்கும், ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

மனைவிதான் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தார். “உச்சிக்குப் போனா பக்கத்து ஜெயிலோட உள்பக்கம் தெரியுமாம். போராட்டம்னு நீங்க உள்ள போனப்பல்லாம் பாக்க வந்து வந்து அந்த வாசல்லயே நின்னுட்டுத் திரும்புனவ நான். சுவருக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துடணும்.”

“அங்க பாக்க ஒண்ணுமில்லை.”

“அதை நான் பாத்துட்டுச் சொல்றேன்.”

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. இன்னும் சிறிது நேரத்தில் ஒரு நிறுவனத்தின் தனி விருந்துக்காக ராட்டினம் பொதுமக்களுக்கு நிறுத்தப்படும். நாளை முதல் பராமரிப்புக்காகப் பல மாதம் மூடப்படும்.

கொடிக்காரர் வரிசையைக் கண்ணால் அளந்தார். முன்னால் நிற்கும் குடும்பம் ஏறிவிடும். அதோடு சரி. அந்தக் காலிக் கேபினைத் திறந்தால் மட்டும்தான் மனைவிக்கு இடம்.

கதவருகே சீருடையில் நின்ற பெண்ணிடம் போனார்.

“ஏம்மா, அது ஏன் காலியா சுத்துது?”

“ரிப்பேருங்கய்யா.”

“உள்ள விளக்கு எரியுது, ஏசி ஓடுது. அதென்ன ரிப்பேர்? விருந்துக்கு வர்ற பெரிய மனுஷனுக்குப் பொத்தி வச்சிருக்கீங்களா?”

அவள் வேறு பக்கம் பார்த்தாள். அது போதாதா அவருக்கு?

“நண்பர்களே!” வரிசையைப் பார்த்துத் திரும்பினார். அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. “வெயில்ல காயிறது நாம! குளுகுளுன்னு காலியா சுத்துறது யாருக்கு?”

“அதானே!”

“வீடியோ எடுங்கப்பா!”

“ஆரம்பிச்சுட்டார்” என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார் மனைவி.

கழுத்து டையைச் சரிசெய்தபடியே மேலாளர் ஓடி வந்தார். “எந்தக் கேபின் ரிப்பேரு? எங்கிட்ட யாரும் சொல்லலையே?”

“சார்… அது வந்து… காலையில…” என்று இழுத்தாள் அந்தப் பெண்.

“பாத்தீங்களா, முழிக்கிற முழியை? கதவைத் திறங்க!”

“திற! திற!” என்றது வரிசை.

மேலாளர் கூட்டத்தைப் பார்த்தார், தூக்கிப் பிடித்த போன்களைப் பார்த்தார். “சரிங்க பெரியவரே, இப்ப கீழ வரும். நீங்களே முதல்ல ஏறிக்குங்க.”

வெற்றி! மனைவி கைப்பையை இறுக்கிக்கொண்டு ஆசையாகப் பின்னால் வந்து நின்றார்.

“ஐயா, வேண்டாங்கய்யா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

“யாருக்கும்மா இப்படிப் பயந்து சாகிறே?”

கேபின் இறங்கி வந்தது. கதவு திறந்தது. கொடிக்காரர் ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த கால் அப்படியே நின்றது. கூடவே நடந்து வந்த அந்தப் பெண் அவர் காதருகே அவசரமாக ஏதோ சொன்னாள்.

மறுகணம் வெளியே குதித்தார். கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

“ஐயய்யோ! எவனோ வாந்தி எடுத்து வச்சிருக்கான்யா! கேபின் பூரா! குடலைப் புரட்டுது!”

வரிசை பின்வாங்கியது. எல்லாரையும் முந்திக்கொண்டு பின்வாங்கியவர் மேலாளர்தான். மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி, “மேலே அனுப்பு, மேலே அனுப்பு! விருந்துக்கு முன்னாடி கழுவிடணும், தெரியுதா?” என்று கத்திவிட்டு நழுவினார்.

“இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

“அந்தப் பொண்ணு தலைபாடா அடிச்சுக்கிச்சு. கேட்டாரா மனுஷன்?”

“தலைவரே, போராட்டம் மாபெரும் வெற்றி!” என்று ஒருவன் கைதட்டினான். வீடியோ எடுத்தவன் அவர் முகத்துக்குக் கிட்டேயே போனைக் கொண்டுவந்தான். எந்த முதலாளியின் முன்னாலும் குனியாத தலை. வரிசை முழுக்கச் சிரிக்கச் சிரிக்கக் குனிந்தபடி வெளியே நடந்தார்.

முன்னால் நின்ற குடும்பம் ஏறிக்கொண்டது. வரிசைக்குக் குறுக்கே சங்கிலியைப் போட்டுவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நானும் உங்க பின்னாடியேதான் நின்னேன். எனக்கு ஒரு நாத்தமும் வரலையே?”

“வராது.”

“அப்ப, அதுல என்னதான் இருந்துச்சு?”

கொடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“வேலை நேரத்துல ஒரு நிமிஷம் உக்காந்தாலும் சீட்டைக் கிழிச்சுடுவாங்களாம். அதனால அந்தப் பொண்ணுங்க ஆளுக்கு ஒரு சுத்து ஒளிஞ்சு படுத்துக்கறாங்க. உள்ள ஒருத்தி ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு, வீங்குன காலைத் தூக்கிப் பெஞ்சு மேல வச்சுக்கிட்டு, தரையில குறட்டை விட்டுத் தூங்கிட்டிருக்கா.”