பதினோராவது பொருத்தம்

“பிரியோணும் எண்டுதான் வோட்டுப் போட்டனான் எண்டு சொல்லுங்கோ, சயன். வேற ஒரு கதையும் வேண்டாம்!”

லண்டன் டூட்டிங் ரயில் நிலைய வாசலிலேயே சயந்தனை மறித்துச் சொன்னாள் கௌசி.

“பொய் சொல்லியோ பொம்பிளை கேக்கச் சொல்லுறீர்?”

“ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாமாம். நான் ஒண்டுதானே சொல்லச் சொல்லுறன்!”

சயந்தன் கிளாஸ்கோவில் வளர்ந்தவன். ஸ்கொட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிவதா, வேண்டாமா என்று 2014-இல் மக்களிடம் கேட்டபோது அவனுக்குப் பதினேழு வயது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்கு இருந்தது. “இனியும் ஒரு நாடு மாற என்னாலை ஏலாது ராசா” என்று அம்மா அழுதாள். அவன் போய் ‘வேண்டாம்’ என்பதற்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வந்தான்.

கௌசியின் அப்பா இராசரத்தினத்துக்கோ அந்த வாக்கெடுப்பு சொந்த வீட்டுக் காரியம் மாதிரி. அவருடைய பலசரக்குக் கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் ஸ்கொட்லாந்துக் கொடி தொங்குகிறது. “எங்களுக்கு ரத்தம் சிந்தியும் கிடைக்கேல்லை. அவங்களுக்குப் பென்சிலைக் கையிலை குடுத்துக் கேட்டது, வேண்டாமெண்டிட்டாங்களே!” என்று அரிசி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பொருமுவார்.

ஸ்கொட்லாந்தில், எடின்பரோவில் இருக்கும் ஆனந்தராஜா அவரோடு ஒரே விமானத்தில் அகதியாக வந்து இறங்கியவர். தானும் ‘வேண்டாம்’ என்றுதான் போட்டதாக அவர் போனில் வாய்தவறிச் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வருடக் கடைசியில் ஆனந்தராஜா தன் மகளை லண்டன் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார். மண்டபம் இவருடைய கடைக்கு அடுத்த தெருவில்தான். இராசரத்தினம் எட்டியும் பார்க்கவில்லை.

“வாரும் தம்பி, இரும்.”

கடைக்கு மேலேதான் வீடு. சயந்தனின் அம்மா முறைப்படி வந்து கேட்குமுன், பெடியனைத் தான் ஒருக்கால் தனியாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார் இராசரத்தினம்.

கௌசியின் அம்மா கனகாம்பிகை தேநீரும் பயத்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். “சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கப்பா. பத்துக்கு எட்டு.”

“அது உம்மடை பொருத்தம். என்ரை பொருத்தம் இனித்தான்.”

அவர் சயந்தன் பக்கம் திரும்பினார்.

“கலியாணத்துக்குப் பிறகு எங்கை இருக்கிறதா யோசினை?”

“கிளாஸ்கோவிலைதான் அங்கிள். கௌசிக்கும் அங்கை ஒரு ஆஸ்பத்திரியிலை வேலை சரிவந்திட்டுது.”

“ம்… அப்ப, அந்த வோட்டு? எதுக்குப் போட்டனீர்?”

கௌசி சயந்தனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

“பிரியோணும் எண்டு, அங்கிள்.”

“உண்மையாவோ?”

“சத்தியமா.”

கனகாம்பிகைக்கு மூச்சு வந்தது. இராசரத்தினத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“இன்னொருக்கா வோட்டு வந்தால்?”

“அப்பவும் அதுதான்!” அவிழ்த்துவிட்ட பொய் தன் பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. “இந்தமுறை கட்டாயம் பிரிவம் அங்கிள்.”

“பிரிஞ்சால் எல்லை வரும், என்ன?”

“தனிநாடு எண்டால் எல்லை இல்லாமலோ?”

“பாஸ்போட்டும் வேறயோ?”

“வேற பாஸ்போட், வேற முத்திரை, எல்லாம் வேற!”

மேசைக்குக் கீழே கௌசி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நூற்றுக்கு நூறு! இனி அப்பா எழும்பி வந்து பெடியனைக் கட்டிப்பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்பா எழும்பினார்.

“கனகம், தம்பியின்ரை சாதகத்தைத் திருப்பிக் குடும்.”

“அப்பா!”

“என்ன விசர்க்கதை இது?” கனகாம்பிகை பதறினார். “நீங்கள் கேக்க ஆசைப்பட்டதைத்தானே அந்தப் பிள்ளை சொன்னது?”

“அவை பிரியட்டும். நல்லா இருக்கட்டும். நான் கொடியும் பிடிப்பன்.” இராசரத்தினம் மறுபடி உட்கார்ந்தார். “கனடாவிலை அக்கா செத்தபோது விசா தரேல்லை. கூடப்பிறந்தவளின்ரை செத்தவீட்டை நான் வீடியோ கசெட்டிலை பாத்தனான். பெத்த பிள்ளையைப் பாக்கிறதுக்கும் விசாவுக்கு வரிசையிலை நிக்க என்னாலை ஏலாது.”



“அவர் பொய் சொன்னவர் அப்பா!” கௌசி வெடித்தாள். “நான்தான் சொல்லச் சொன்னனான். அவர் வேண்டாம் எண்டுதான் போட்டவர். தாய் அழுதவ எண்டு!”

சயந்தன் எழுந்து நின்றான். “ஓம் அங்கிள். மன்னிக்கோணும்.”

“வேண்டாம் எண்டோ?”

இராசரத்தினத்தின் முகம் இறுகியது. அன்றைக்கு ஆனந்தராஜாவிடம் போனில் சொன்ன அதே சொல் வாய்வரை வந்தது. ‘துரோகி.’ ஆனால் வெளியே வரவில்லை. எழுந்து ஜன்னலடிக்குப் போனார். பிறகு போனை எடுத்தார்.

“ஆருக்கப்பா எடுக்கிறியள்?” என்று கனகாம்பிகை கேட்டார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“ஆனந்தன், நான் இராசன் கதைக்கிறன்… வைச்சுப்போடாதை. என்ரை பெட்டைக்கு உங்கடை பக்கத்திலைதான் மாப்பிள்ளை சரிவந்திருக்கு.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒண்டு மட்டும் சொல்லடா. அண்டைக்கு நீ வேண்டாம் எண்டு போட்டது, உன்ரை பிள்ளை இங்கை வந்து வாழப்போறாள் எண்டுதானே?”