வழி கேட்டவள்

"ரெண்டு சடையும் ஒரே உயரத்துல இருக்கா, பாத்துச் சொல்லுங்க மகாராணி!"

வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியை மகளின் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டார் வேன் மாமா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் வேன் மாமா. அவளுக்கு மட்டும் அப்பா. புது மஞ்சள் கவுன், மஞ்சள் ரிப்பன், துடைத்துப் பளபளக்கும் ஷூ. தெருவில் பார்த்தவர்கள் ஆண்டுவிழாவுக்குத்தான் கிளம்புகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"இடது பக்கம் கோணல்ப்பா."

"சடை கோணல் இல்லம்மா, கழுத்துதான் கோணல். நேரா நில்லு."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மனைவி பெட்டியோடு படியிறங்கிப் போன நாளிலிருந்து மகள் முன்னால் அவர் முகம் வாடியதே இல்லை. விடியற்காலையில் தனியாக வேனைக் கழுவிவிட்டு வரும்போது கண் சிவந்திருந்தால்கூட, "சோப்பு நுரை பட்டுடுச்சு" என்று சொல்லிவிடுவார்.

வேன் போய் நின்றது பள்ளிக்கூட வாசலில் அல்ல, குடும்ப நீதிமன்றத்தின் வாசலில். அம்மாவோடு வேறு ஊருக்குப் போவதா, அப்பாவோடு இங்கேயே இருப்பதா என்று இன்று நீதிபதி அவளிடமே கேட்கப்போகிறார்.

இறங்குவதற்கு முன் அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் என்ன சொல்லணும்?"

'என்கூடத்தான் இருப்பேன்னு சொல்லு' என்பது தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"வழி தெரியலேன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"வண்டியை ஓரங்கட்டிட்டு யாரையாவது கேப்பே."

"அவ்வளவுதான். ஜட்ஜம்மா கேட்டதும் கண்ணை மூடிக்க. கொஞ்ச நேரம் மனசை ஓரங்கட்டிட்டு, சாமிகிட்ட வழி கேளு."

"சாமி சொல்லலேன்னா?"

"சொல்லும்டா. எனக்கு இது வேணும் அது வேணும்னு கேட்டாத்தான் சாமிக்குக் காது கேக்காது. யாருக்கு எது நல்லதுன்னு கேட்டுப் பாரு, உடனே சொல்லும்."

"நம்ம வேன்ல வர்ற குண்டுப் பையன் ஜன்னல் சீட்டுக்காகக் கண்ணை மூடிக் கும்பிடுவானே, அந்த மாதிரி கேக்கக் கூடாது. அதானே?"

"அதேதான்!"

வராந்தா பெஞ்சில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதுமே உடைந்துபோனாள். கட்டிக்கொண்டு அழுத அழுகையில் மஞ்சள் கவுனின் தோள்பட்டை நனைந்துவிட்டது. வேன் மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"குடி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே."

அவள் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக் குடித்தாள். பிறகு மகளின் கன்னத்தைத் தடவினாள். "அங்கே உனக்குன்னு தனி ரூம் இருக்குடா. ஜன்னலைத் திறந்தா கடல் தெரியும்."

சிறுமியின் கண்கள் விரிந்ததை வேன் மாமா பார்த்தார். அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

சிறுமியை மட்டும் உள்ளே அழைத்தார்கள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக, நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்த மகள் கைகூப்பிக் கண்ணை மூடுவது தெரிந்தது. அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

'என்னைச் சொல்லணும் சாமி. என்னைத்தான் சொல்லணும்.'

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மகளுக்குச் சொன்ன புத்தி தனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே வார்த்தைகள்தான் வந்தன.

கதவு திறந்தது. நீதிபதி இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தணிந்த குரலில் சொன்னார்.

"சின்னப் பிள்ளைன்னாலும் தெளிவா பேசறா. அம்மாகூடப் போறாளாம். லீவு விட்டா அப்பாகிட்ட வருவாளாம்."

கடல் ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் வேன் மாமா. குழந்தைதானே, அதற்குக் கடல் பிடிக்காமல் சுவரா பிடிக்கும்? வழி கேட்கச் சொன்னவரும் அவரே. இனி யாரிடம் போய்க் குறை சொல்வது? நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மா மட்டும் உள்ளே மீதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் மகள் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

"அப்ப மகாராணி கடலுக்குப் போறீங்க! வரும்போது அப்பாவுக்கு ஒரு பாட்டில்ல அலையைப் பிடிச்சுட்டு வரணும். மூடியை இறுக்கி மூடு, தளும்பிடும்."

அவள் சிரிக்கவில்லை.

"என்னடா இது? சாமி சொன்ன வழிதானே? நான் சொன்ன மாதிரிதானே கேட்டே?"

"நீ சொன்ன மாதிரிதான் கேட்டேன்."

"பின்னே என்ன? கடல் பிடிக்கும்ல உனக்கு?"

"நான் ஒண்ணும் கடலுக்காகக் கேக்கலை."

அவள் எட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் காதுக்குள் மெல்லச் சொன்னாள்.

"தனியா விட்டா யாரு அழமாட்டாங்கன்னு கேட்டேன்ப்பா. நீதான்னு சொல்லிச்சு."