இருமலுக்கு ஒரு ஃபவுல்

"சார், அந்த இருமல் தானா வருதா, நீங்க வரவழைக்கிறீங்களா?" என்று நடுவர் கேட்டார்.

மருந்துக்கடைக்காரரின் முகத்தில் சலனமே இல்லை. "தொண்டைக் கரகரப்பு சார். ஒரு வாரமா இருக்கு."

"கடை நிறைய மருந்து வெச்சுக்கிட்டு ஒரு வாரமாவா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. வார நாட்களில் பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவர் அவர். எத்தனையோ அப்பாவி முகங்களைப் பார்த்தவர். ஆடுகிறவருக்கு வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது, அது பேச்சானாலும் சரி, சைகையானாலும் சரி, இருமலானாலும் சரி. இன்னொரு முறை சத்தம் வந்தால் ஃபவுல் என்று சொல்லிவிட்டு பில்லியர்ட்ஸ் மேசைக்குத் திரும்பினார்.

அங்கே மருந்துக்கடைக்காரரின் மனைவி கோலின் நுனி வழுக்காமலிருக்கச் சாக் கட்டியைத் தடவிக்கொண்டு நின்றாள். தபால் அலுவலகத்தில் நாளெல்லாம் முத்திரை குத்துகிற கை. மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கையில் கோலைக் கொடுத்து எட்டுப்பந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் கணவர்தான். இருமல் பாஷையும் அவர் கண்டுபிடிப்புதான். ஒரு இருமல் என்றால் மெதுவாக அடி. இரண்டு என்றால் குழிக்கு அடித்துப் பார்க்காதே, வெள்ளைப் பந்தை எதிராளிக்கு வாகில்லாத இடத்தில் ஒளித்து வை. செருமினால் இடப்பக்கம்.

அந்த பாஷையில் அவள் இதுவரை பதினோரு ஆட்டம் ஜெயித்திருந்தாள். "அந்தம்மா எங்க ஆடுறாங்க? வீட்டுக்காரரோட தொண்டைதானே ஆடுது" என்று கிளப்பில் கேலி பேசுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரப் பெருமை பொங்கும்.

இன்றைக்கு லீக்கின் அரையிறுதி. இரண்டு அணிகளும் சமமாக நின்றன. இந்தக் கடைசி ஆட்டத்தை ஜெயிக்கிறவரின் அணி இறுதிப் போட்டிக்குப் போகும். எதிரே ஆடுகிறவர் தையற்காரர். ஊசிக்காதில் ஒரே தடவையில் நூலைக் கோக்கிற கண் அவருக்கு. அப்படிப்பட்டவரிடம் இவளைத் தனியாக விட்டுவிட்டுக் கை கட்டி உட்கார முடியுமா? இருமல்தானே கூடாது என்று நினைத்தவர், சாவிக்கொத்தை எடுத்து நாற்காலிக் கையில் இரண்டு முறை தட்டினார்.

"ஃபவுல்," என்றார் நடுவர், தலையைக்கூடத் திருப்பாமல்.

வெள்ளைப் பந்து தையற்காரரின் கைக்குப் போனது. இனி அதை அவர் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். ஒரு கணம் தயங்கிவிட்டு, வாகான இடத்தில் வைத்து, அடுத்தடுத்து இரண்டு பந்துகளைக் குழியில் தள்ளினார். மூன்றாவது பந்து குழியின் விளிம்பில் முட்டித் திரும்பியது.

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "போன வாரம்கூடத்தான் இருமினேன். அப்ப எங்க போச்சு சார் இந்த விதி?"

"விதி அப்பவும் இருந்துச்சு. ஆடுற ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுதிக் குடுத்தாத்தான் நான் தலையிட முடியும். இன்னிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க அடங்கலேன்னா வெளிய அனுப்பணும்னும் அதுல இருக்கு. கிளம்புங்க."

அவர் தையற்காரரை முறைத்தார். தையற்காரர் மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? கதவு வரை போய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை. பாவம், பயந்து போயிருக்கிறாள்.

கதவு நல்லவேளையாகக் கண்ணாடிக் கதவு. அங்கிருந்தே மேசை தெரிந்தது. அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு பச்சைப் பட்டைப் பந்தும் கடைசியாக விழ வேண்டிய கறுப்பும். பட்டைப் பந்துக்கு நேர்வழி இல்லை. தையற்காரரின் பந்து நந்தி மாதிரி மறித்து நின்றது. வெள்ளைப் பந்தை ஒளித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். அவர் இரண்டு விரல்களைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக் காட்டினார்.

அவள் மேசையைச் சுற்றி வந்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை பெரிய மேசையில் நிற்பதற்கு இந்த இடம்தானா கிடைத்தது? அவளுடைய முழங்கை பின்னால் போனது. வெள்ளைப் பந்தை ஓரச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பப் போகிறாள் என்று புரிந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவளை அந்த அடி அடிக்க அவர் விட்டதில்லை.

டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் கைதட்டல். கண்ணைத் திறந்தபோது பட்டைப் பந்தைக் காணோம். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் மறுபடி குனிந்து, கறுப்பை நிதானமாகக் குழிக்கு அனுப்பிவைத்தாள்.

உள்ளே ஓடினார். அணிக்காரர்கள் சூழ்ந்து நிற்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு தடவை ஜெயித்தபோதும் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை. அவளிடம் போகும் முன் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது. நேராகத் தையற்காரரின் எதிரே போய் நின்றார்.

"என்னை வெளிய தள்ளிட்டா ஜெயிச்சிடலாம்னு பாத்தீங்க. எழுதிக் குடுத்து என்ன பிரயோஜனம்? பாத்தீங்கல்ல, என் பொண்டாட்டி ஆட்டத்தை?"

தையற்காரர் கோலை உறையில் போட்டுக்கொண்டே அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் எதுக்குண்ணே எழுதிக் குடுக்கப் போறேன்? மனுஷன் ஆசைக்கு இருமிட்டுப் போறாரு, விட்டுடலாம்னு சொல்லிப் பாத்ததே நான்தான். ஃபவுல் குடுத்தே ஆகணும், உங்களை வெளிய அனுப்பியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னது உங்க வீட்டம்மா."