ஒன்றை அழுத்தவும்

கலைமணி, பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டான். ஆலோசகர் ஜெயப்பிரியாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

குடியை விட விரும்பும் மாணவர்களின் செல்போனுக்குத் தினமும் காலையில் கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பு போகும். அவள் குரலில் பதிவு செய்தது. 'குடித்தீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.'

ஒரு மாதமாக அவன் வகுப்புக்கு வரவில்லை. ஆனால், விடிந்தால் ஒன்றை அழுத்திவிடுகிறான்.

மனசு கேட்காமல் ஜீப் பிடித்து அவன் ஊரான பேத்துப்பாறைக்கே போய்விட்டாள். வாசலில் அவன் அம்மா சுப்பம்மா நின்றிருந்தாள்.

"கலைமணி இருக்கானாம்மா?"

குரலைக் கேட்டதும் சுப்பம்மாவின் முகம் மலர்ந்தது. "தெனமும் வெள்ளனே போன்ல 'குடிச்சீங்களா'ன்னு கேக்குற புள்ள நீங்கதானா? உள்ள வாங்க."

ஜெயப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒன்னை அழுத்துறது நீங்களா?"

"ஆமா, தேத்தண்ணி குடிச்சிட்டேன்னு அழுத்திருவேன். நான் குடிச்சேனா, பட்டினி கெடக்கேனான்னு ஆள் வச்சுக் கேக்க, அவன விட்டா எனக்கு யாரு இருக்கா? இந்தப் போன என் கையில குடுத்துட்டுத்தான் போனான்."

"எங்க போனான்?"

சுப்பம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

"அவன் சொல்லித்தானேம்மா தெனமும் போன்ல நீங்க கேக்குறீங்க?"